ஒரு வரிசையை மட்டும் நிறுத்துவது

மே 7, செவ்வாய்

"பிள்ளை, நீ அங்க என்ன வேலைதான் செய்யிறாய்?" என்று ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடியும் கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறார். நானும் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். தமிழில் எழுதிப் பழகினால் அடுத்த முறை ஒழுங்காகச் சொல்லலாம் என்றுதான் இந்த நோட்டு.

பெருங்குடியில் ஒரு சின்ன கம்பெனி. நான் டிரைவர் எழுதுகிறேன். கார் ஓட்டுகிற டிரைவர் இல்லை. கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒவ்வொரு அட்டையோடும் அதன் அடிப்படை மென்பொருளான கெர்னல் பேசுவதற்கு நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதுதான் டிரைவர். எங்கள் வாடிக்கையாளர் வெளிநாட்டில் நெட்வொர்க் அட்டை செய்கிற கம்பெனி. இப்போது அவர்கள் செய்யும் புது அட்டையில் ஒரு நொடிக்கு இருபது முப்பது முழுநீளத் திரைப்படங்கள் அளவுக்குத் தகவல் உள்ளே வந்துவிடும். அவ்வளவையும் ஒரே வழியில் வாங்க முடியாது. அட்டை அதைப் பல வரிசைகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிசைக்கும் தனி நினைவகம். இன்றைய நிலையில் ஒரே ஒரு வரிசையில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றாலும் மொத்த அட்டையையும் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்ப வேண்டும். எல்லா இணைப்புகளும் ஒரு கணம் திணறும். ஒரு வரிசையை மட்டும் நிறுத்தி, மாற்றி, ஓடவிடுவதற்குக் கெர்னலில் வழி கிடையாது. அந்த வழியைச் சேர்ப்பதுதான் என் வேலை.

கெர்னல் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எழுதிப் பொது மின்மடல் குழுவுக்கு அனுப்பலாம். அங்கே இருப்பவர்கள் நார் நாராகக் கிழிப்பார்கள். கிழித்து முடித்த பிறகும் ஏதாவது மிஞ்சினால் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்று முதல் பதிப்பை அனுப்பிவிட்டேன். கிழிக்கட்டும்.

துணியை ஊறவைத்ததை மறந்துவிட்டேன். ஹாஸ்டல் குளியலறை முழுக்க நாற்றம்.

மே 15, புதன்

கிழித்துவிட்டார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் யோஹான் என்று ஒருவர். எந்த ஊரோ தெரியாது, மடலில் நன்றி சொல்லும் பழக்கம் இல்லாதவர். "பழைய நினைவகத்தை விட்டுவிட்டுப் புதியதைக் கேட்கிறாய். புதியது கிடைக்காவிட்டால் அந்த வரிசை என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தார்.

ஒன்றும் ஆகாது, செத்துப் போகும். நான் யோசிக்கவே இல்லை.

ஹசீனா என் பக்கத்து நாற்காலி. வாணியம்பாடிக்காரி. என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, "இவ்ளோ திட்டு வாங்கிட்டுச் சிரிக்கிறியே, லூசா நீ?" என்றாள்.

"சரியாத்தான திட்டியிருக்கார்."

முதலில் புதியதை வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பழையதை நிறுத்த வேண்டும். இரண்டாவது பதிப்பில் மாற்றுகிறேன்.

மே 26, ஞாயிறு

முகாமில். மதுரையைத் தாண்டி, பேருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் தொண்ணூறில் மன்னார் பேசாலையிலிருந்து படகில் வந்தவர்கள். அங்கே அப்பா கடல் தொழில். இங்கே கடல் இல்லாததால் பெயின்ட் அடிக்கிறார். நான் இந்த முகாமில்தான் பிறந்தேன்.

அப்பா இந்த மாதம் வேலைக்குப் போகவில்லை. "இந்த வெயிலுக்க ஏணியில நிக்க ஏலாது" என்றார். நியாயம்தான். அம்மா மீன்குழம்பு வைத்திருந்தார்; அப்பா தொடவில்லை, கஞ்சி மட்டும் குடித்தார். பல்வலியாம். நல்ல பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பல் டாக்டர் என்றால் அம்மாவுக்கு எப்போதுமே பயம்.

வேலையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். "எல்லாத்தையும் நிப்பாட்டாம ஒண்டை மட்டும் நிப்பாட்டுற வழி அப்பா."

"அதுக்கோ இவ்வளவு படிப்பு?"

"ஓம்."

சிரித்தார். "உனக்கு விளங்குதுதானே. அது காணும்."

மூன்றாம் பதிப்பைப் பேருந்திலேயே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10, திங்கள்

அட்டைகள் வந்துவிட்டன! இதுவரை போலி அட்டையை வைத்துத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் டீம் லீட் பத்ரி பெட்டியைப் பிரிக்கும்போது எல்லோரும் சுற்றி நின்றோம். உலகத்தில் இன்னும் கடைக்கு வராத பொருள்.

"நீயே போடு சுவே, நீ எழுதினதுதான ஓடப்போவுது" என்றார் பத்ரி.

உடம்பின் நிலைமின்சாரம் அட்டையைத் தாக்காமல் இருக்கக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு நானே செருகினேன். நினைத்ததைவிடக் கனம். பச்சை விளக்கு வந்ததும் ஹசீனா விசில் அடித்தாள். யாரோ காஜு கத்லி வாங்கி வந்திருந்தார்கள்.

அம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "நல்லது பிள்ளை. அப்பா படுத்திட்டார், நாளைக்குக் கதை" என்றார். அப்போது விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

ஜூன் 12, புதன்

பத்ரி கூப்பிட்டார். வாடிக்கையாளரின் நாட்டில் ஏற்றுமதிச் சட்டமாம். இவ்வளவு வேகமான, வெளிவராத அட்டையைத் தொடுகிற ஒவ்வொருவரும் எந்த நாட்டுக் குடிமகன் என்று காட்ட வேண்டும்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான். எல்லாரும் பாஸ்போர்ட் காப்பி குடுத்தாச்சு. நீ மட்டும் பாக்கி."

"எனக்கு பாஸ்போர்ட் இல்ல பத்ரி."

"அப்ளை பண்ணலியா? தத்கல்ல போடு, ஒரு வாரத்துல வந்துடும்."

"வராது. அகதி அட்டைதான் இருக்கு."

அவர் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். என்னை வேலைக்கு எடுத்த முதலாளிக்குத் தெரியும். பத்ரிக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது, நானும் சொன்னதில்லை.

"நீ மதுரைன்னுல்ல நெனச்சேன்."

"மதுரைதான். அங்கதான் பொறந்தேன்."

"அப்ப என்ன போடறது? ஸ்ரீலங்கான்னு போடவா?"

அங்கேயும் என் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அதைச் சொன்னேன். பத்ரி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "நான் பேசிப் பாக்கறேன்" என்றார். நல்ல மனிதர். பேசிப் பார்ப்பார்.

ஜூன் 13, வியாழன்

நான் ஹசீனாவிடம் சொல்லவில்லை. மதியம் அவள் டப்பாவில் இருந்த முட்டையை என் தட்டில் வைத்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

சின்ன மீட்டிங் அறையை லேப் ஆக்கிவிட்டார்கள். கண்ணாடிக் கதவு. அடையாள அட்டை காட்டினால்தான் திறக்கும். ஹசீனாவும் இன்னும் இருவரும் உள்ளே, நான் வெளியே. அங்கே கிடைக்கும் முடிவுகளை என்னிடம் சொல்லக்கூடாது. நான் எழுதும் நிரலைப் பொதுக்குழுவுக்கு அனுப்பலாம்; அவர்கள் அங்கிருந்து எடுத்து உள்ளே ஓட்டிக்கொள்வார்கள்.

ஹசீனாவின் முகத்தை வைத்தே பரிசோதனை நன்றாகப் போகிறதா இல்லையா என்று சொல்லப் பழகிவிட்டேன். நகம் கடித்தால் கெட்ட செய்தி.

எனக்கொன்றும் இல்லை. வெளியே ஏ.சி. குளிர் குறைவு.

ஜூன் 23, ஞாயிறு

முகாம். அப்பா ஊருக்குத் திரும்பப் போகப் பதிந்துவிட்டாராம். எனக்குச் சொல்லாமல், போன மாதமே.

"விசரே அப்பா உங்களுக்கு? அங்க ஆர் இருக்கினம்?"

"தம்பி இருக்கிறான். வீடு வளவு இருக்கு."

"அம்மா?"

"அம்மா உன்னோட நிப்பா. நீ இங்க தனிய நிக்க ஏலாது."

"பிறகேன் நீங்க மட்டும் போறீங்க?"

அப்பா "செத்தா என்ர சனத்தின்ர சேமக்காலையில கிடக்க வேணும்" என்றார், சிரித்துக்கொண்டு. இந்த வயதுக்கு என்ன பேச்சு இது என்று கத்தினேன். அறுபத்திரண்டுதான் ஆகிறது. முகாமில் எண்பது வயதுக்காரர்கள் சீட்டாடுகிறார்கள்.

போனால் போனதுதான். அவர் திரும்பி வர விசா வேண்டும். நான் போய்ப் பார்க்கப் பாஸ்போர்ட் வேண்டும். இதை நான் சொன்னபோது, "தெரியும் பிள்ளை" என்றார். தெரிந்துகொண்டு போகிற மனிதரிடம் என்ன பேசுவது? சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன். இவ்வளவு பிடிவாதம் அவரிடம் நான் பார்த்ததில்லை.

ஜூலை 4, வியாழன்

ஹசீனா காலையிலிருந்து நகம் கடித்தாள். மதியம் மூன்று பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்ரி உள்ளே போனார், வெளியே வந்தார், என்னைப் பார்க்காமல் டீ குடிக்கப் போனார். என் நிரல்தான் எங்கோ உடைகிறது. என்னிடம் சொல்லக்கூடாது.

சாயங்காலம் பொதுக்குழுவில் ஒரு மடல் வந்தது. அனுப்பியவள் ஹசீனா. "அன்புள்ள சுவேந்தினிக்கு, தங்கள் நான்காம் பதிப்பைப் பற்றி ஒரு கேள்வி" என்ற மாதிரி, படு மரியாதையான ஆங்கிலத்தில். அட்டையின் பெயர் இல்லை, எண்கள் இல்லை. போக்குவரத்து அதிகமாக இருக்கும்போது ஒரு வரிசையை நிறுத்தினால், சற்று நேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் நினைவகம் கெட்டுப்போகிறது. ஏன் என்று ஆசிரியர் விளக்க முடியுமா?

தலை நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னைப் பார்க்காத மாதிரி மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நானும் அதே மரியாதையோடு பதில் எழுதினேன்: "அன்புள்ள ஹசீனாவுக்கு, நல்ல கேள்வி. எவ்வளவு நேரம் கழித்து?"

பத்ரி என் பின்னால் வந்து நின்று இரண்டையும் படித்தார்.

"இதுக்குப் பர்மிஷன் வேணுமா பத்ரி?"

"உலகமே படிக்கற லிஸ்ட்ல கேள்வி கேக்கறதுக்கு எவன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலைந்து கேள்வி, நாலைந்து பதில். நடுவில் யோஹான் புகுந்து, "நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்களா?" என்று கேட்டார். ஹசீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

ஜூலை 9, செவ்வாய்

பிடித்துவிட்டேன். வரிசையை நிறுத்து என்று சொன்னவுடன் நின்றுவிட்டதாக நான் எடுத்துக்கொண்டு, பழைய நினைவகத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அட்டையிடம் ஏற்கெனவே வந்துசேர்ந்த பாக்கெட்டுகள் என்கிற தகவல் துண்டுகள் மிச்சம் இருக்கும். அவற்றை அது அதே பழைய இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும். அதற்குள் அந்த இடம் வேறு யாருக்கோ போயிருக்கும். முழுதாக எழுதி முடித்துவிட்டதாக அட்டை சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். இதை ஒவ்வொரு டிரைவரின் நல்லெண்ணத்துக்கு விடாமல், கெர்னலும் டிரைவரும் பேசிக்கொள்ளும் இடைமுகத்திலேயே விதியாக எழுதிவிட்டேன்.

ஐந்தாம் பதிப்பு போய்விட்டது. உள்ளே ஹசீனா கட்டைவிரலை உயர்த்தினாள். அவள் அந்த விரலை எதற்காக உயர்த்தினாள் என்று எந்தச் சட்டத்துக்கும் தெரியாது.

ஜூலை 14, ஞாயிறு

முகாம். அப்பாவோடு அதிகம் பேசவில்லை. அவருக்கு ஒரு சட்டை வாங்கிப் போயிருந்தேன், அவருடைய வழக்கமான அளவுதான். தோள் தொங்குகிறது. இப்போதெல்லாம் கடைகளில் அளவே சரியாக இல்லை. அம்மா சட்டையை வாங்கி, "நான் பிடிச்சுத் தைச்சுவிடுறன்" என்று உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வர நெடுநேரம் ஆனது.

கிளம்பும்போது அப்பா பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தார். நடுவில் இரண்டு தடவை செருப்பைச் சரிசெய்ய உட்கார்ந்தார்.

"உன்ர வேலை எப்ப முடியும்?"

"அடுத்த மாதம் சேர்த்திடுவினம் எண்டு நினைக்கிறன்."

"நல்லா முடி. வேற ஒண்டையும் யோசியாத."

ஜூலை 30, செவ்வாய்

அப்பா போய்விட்டார்.

மீனம்பாக்கத்தில் வழியனுப்பினோம். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் படகில் வந்தவர், விமானத்தில் போகிறார். அம்மா அழவில்லை. அப்பாவின் காலரை நீவி விட்டுக்கொண்டே இருந்தார். அப்பா என் தலையில் கை வைத்து நெற்றியில் சிலுவை போட்டார். பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் போகும்போது போடுவார். அதன் பிறகு இப்போதுதான்.

"கோவமோ?"

"இல்லை அப்பா."

"எடி, பொய் சொல்லாத."

உள்ளே போய்த் திரும்பி ஒரு கையைத் தூக்கினார். மறு கையால் இடுப்பில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெல்ட் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம். சட்டை வாங்கும்போதே தோன்றியிருக்க வேண்டும்.

கோயம்பேட்டில் அம்மாவைப் பேருந்து ஏற்றிவிட்டு ஆபீஸ் போனேன். ஆறாம் பதிப்பில் ஒரு எழுத்துப்பிழை, அதைத் திருத்தினேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. அப்பா ஃபோன் செய்தார். மடு மாதா திருவிழாவுக்குச் சித்தப்பா வேனில் கூட்டிப் போயிருக்கிறார். "சனம் எண்டா சனம் பிள்ளை. படுத்துக்கொண்டே பூசை பாத்தன்" என்றார். மர நிழலில் பாய் விரித்திருப்பார்கள் போலிருக்கிறது. குரல் சரியாகக் கேட்கவில்லை. அங்கே டவர் சரியில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

சேர்த்துக்கொண்டார்கள்! யோஹான் ஒரே வரியில் எழுதிவிட்டார். அதன் கீழே, வழக்கத்துக்கு மாறாக, "பொறுமைக்கு நன்றி" என்றும் ஒரு வரி.

இனிமேல் புதிதாக வரும் ஒவ்வொரு கெர்னலிலும் அது இருக்கும். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர், அப்பா பெயரோடு: சுவேந்தினி சவிரிமுத்து. அந்த இடத்தில் பெயரும் மடல் முகவரியும் மட்டும்தான் கேட்கிறார்கள். பத்ரி கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஹசீனா லேப் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "நம்ம லவ் லெட்டரெல்லாம் இனிமே சரித்திரம்டி" என்றாள்.

அப்பாவைக் கூப்பிட்டேன். சித்தப்பா எடுத்தார். "அண்ணை படுத்திருக்கிறார் பிள்ளை, நான் சொல்லிவிடுறன்." நல்ல பகல் நேரம். பயணக் களைப்பு இன்னும் போகவில்லையாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

முதலாளி கூப்பிட்டார். பத்ரியும் இருந்தார். அடுத்த கட்ட வேலை முழுக்க அந்த அட்டையின் மேல்தானாம். ஒப்பந்தத்தில் பெயர் இருப்பவர்கள் எல்லோரும் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டுமாம். கம்பெனியிலோ வேறு வாடிக்கையாளர் இல்லை.

"உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா. அத நான் எங்க வேணாலும் எழுதித் தரேன்" என்றார். செப்டம்பர் கடைசிவரை இருக்கலாம்.

பத்ரி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ எழுதினதுக்கு மேலதான் சார் அடுத்த ரெண்டு வருஷம் நாம சாப்பிடப் போறோம்."

முதலாளி அதை மறுக்கவில்லை.

விளக்கக் குறிப்பு இன்னும் எழுதி முடியவில்லை, முடித்துக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். வெளியே ஹசீனா, "நானும் பேப்பர் போடறேன்" என்று கண்ணைத் துடைத்தாள்.

"உளறாத. நீயும் போயிட்டா அந்தக் கோடெல்லாம் யாரு பாத்துப்பா?"

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சித்தப்பா கூப்பிட்டார். அப்பாவை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்களாம். நான் ஏன் என்றேன்.

"வயித்தில கட்டியெல்லோ பிள்ளை. இனி ஒண்டும் செய்ய ஏலாதாம்."

"எப்ப இருந்து சித்தப்பா?"

சித்தப்பா "உனக்குச் சொல்லேல்லையே? அங்க மதுரையிலயே காட்டினவராம். சித்திரையில" என்றார்.

சித்திரை என்றால் ஏப்ரல்.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

முகாமுக்கு வந்துவிட்டேன். அம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"சித்தப்பா சொல்லிப்போட்டாரே?"

"ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"அவர்தான் சொல்ல வேண்டாம் எண்டவர். சொன்னா நீ வேலையை விட்டிட்டு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாய், உன்ர பேர் அந்த இதுக்க வராது எண்டார். டொக்டர் அப்பவே கையை விரிச்சிட்டார் பிள்ளை."

"நீங்களாவது கூடப் போயிருக்கலாமே."

அம்மா என் பையை வாங்கிக் கீழே வைத்தார். "நானும் போனா நீ தனிய. நீயும் வந்தா உன்ர வேலை போயிடும். அதாலதான் அவர் தனியப் போனவர்."

அப்போதும் நான் வேலை போனதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சித்தப்பா அப்பாவின் காதில் ஃபோனை வைத்தார். நான்தான் பேசினேன். வேலை நன்றாகப் போகிறது அப்பா என்றேன். மூச்சு மட்டும் கேட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் அப்பா இறந்துவிட்டார்.

செப்டம்பர் 7, சனி

அடக்கம். சித்தப்பாவின் மகன் வீடியோ காலில் காட்டினான். முகாமில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்; ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். கோயில்வரை படம் ஓரளவு வந்தது. பெட்டிக்குள் அப்பா அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். அம்மா பிடித்துத் தைத்தது அளவாக இருந்தது.

கல்லறைகள் இருக்கும் சேமக்காலை கடற்கரை ஓரம். அங்கே போனதும் காற்றுச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு படம் நின்றுவிட்டது. யாரோ ஒருவரின் முழங்கை, அதற்குப் பின்னால் ஒரு துண்டு வானம். அப்படியே நின்றது.

"ஏன் பிள்ளை நிக்குது?" என்றார் அம்மா.

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் ஒரே டவர் இருக்கும், கூட்டம் முழுக்க ஃபோன் வைத்திருக்கும், பாக்கெட்டுகள் வழியிலேயே தொலைந்துகொண்டிருக்கும். தொலைந்ததை மறுபடி கேட்பதற்குள் நேரம் கடந்துவிடும் என்பதால், செயலி அவற்றைக் கேட்காமலே விட்டுவிடும். இதையெல்லாம் நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா, வரும்."

சத்தம் மட்டும் துண்டு துண்டாக வந்தது. செபம். யாரோ ஒரு பெண் அழுவது. மண் விழும் சத்தம், அது நிச்சயமாக மண்தான். அம்மா ஃபோனுக்குக் கிட்டே குனிந்து அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய முழங்கை என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

படம் திரும்பி வந்தபோது ஆட்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 16, திங்கள்

எட்டாம் நாள் பூசைக்குப் பிறகு அம்மாவிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடி அறை, பாஸ்போர்ட், எல்லாம். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நல்லது" என்றார். கொஞ்சம் கழித்து, "உன்ர பேர்?"

"அது இருக்கு அம்மா. அதை ஒருத்தரும் எடுக்க ஏலாது."

"அவற்ற பேரும்?"

"ஓம். ரெண்டும்."

அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு அப்போதுதான் அழுதார். விமான நிலையத்தில் அழாதது, அடக்கத்தன்று அழாதது எல்லாம் சேர்த்து. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிந்திய அரிசியைப் பொறுக்கிச் சுளகில் போட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

கடைசி நாள். விளக்கக் குறிப்பை முடித்து அனுப்பிவிட்டேன். பத்ரி கீழே வாசல்வரை வந்து ஆட்டோ பிடித்துக்கொடுத்தார். ஹசீனா வரவில்லை, கண்ணாடிக்கு உள்ளேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஹாஸ்டலைக் காலி செய்தாயிற்று. பேருந்தில் இருக்கும்போது ஒரு மடல் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர், வேறொரு கம்பெனி, வேறொரு அட்டை. என் இடைமுகத்தைத் தங்கள் டிரைவரில் சேர்த்திருக்கிறாராம், சரியா என்று பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். படித்தேன். நிறுத்திய பிறகு காத்திருப்பதை அவரும் மறந்திருந்தார். திண்டிவனம் தாண்டுவதற்குள் பதில் எழுதிவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

முகாமுக்குப் புது அதிகாரி வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். நாற்காலி போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தார். கையில் இருந்தது பழைய பட்டியல் போலிருக்கிறது.

"சவிரிமுத்து. குடும்பத் தலைவர்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் போய் நின்றார்.

"அவர் ஊருக்குப் போயிட்டார்."

"சிலோனுக்கா? எப்பம்மா போனாரு?"

"ஆடியில."

"திரும்பி வருவாரா?"

"இல்லை. இனி அங்கதான்."

அதிகாரி பெயருக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டார். குறித்துவிட்டு, கேட்க வேண்டிய அவசியம் இல்லாமலே, நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "நல்லா இருக்காராம்மா?"

"ஓம்" என்றார் அம்மா. "கடலுக்குக் கிட்ட இருக்கிறார்."

அப்படியானால் இங்கே எந்தப் பதிவிலும் அப்பா இறக்கவில்லை, புறப்பட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். நான் எதையும் திருத்தவில்லை. அதிகாரி காட்டிய இடத்தில் அம்மா கைநாட்டு வைத்தார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு அம்மாவின் கட்டைவிரலை என் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.